அம்மாவின் முற்றுப்புள்ளியும் மகனின் ‘ஓம்’மும்

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 57. மகன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் பொறியியல் படிக்கிறான், வயது 22. மகள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். மகனுக்கு நான் வட்ஸ்அப்பில் ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று தொடங்கி ஒழுங்காக நாலு வரி எழுதுவேன். பதிலுக்கு ‘ஓம்’ என்று வரும். சில நேரம் ‘ம்’ மட்டும். நீலக் குறி விழுந்து மணித்தியாலக் கணக்காகியும் பதில் வராத நாள்களும் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். என் தாயாருக்கு 85 வயது நிறைந்த அன்று, அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அனுப்பினேன். உடனே ஒரு மண்டையோடு போட்டான். நல்ல நாளும் அதுவுமாக! இந்த முறை நல்லூர்த் தேருக்கு வரவில்லை என்று எழுதினான். நான் ‘சரி.’ என்று மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் எடுக்கவே இல்லை. ‘அம்மா என்னோட கோபம்’ என்று தங்கச்சியிடம் சொன்னானாம். கோபம் எனக்கா, அவனுக்கா? இவர் ‘விடும், அவன் படிக்கட்டும்’ என்கிறார். தான் ஒரு நாளும் எழுதமாட்டார், ‘நான் கேட்டதாகப் போடும்’ என்பதோடு சரி. 1990இல் என் அண்ணா சுவிசுக்குப் போனபோது அவருடைய கடிதத்துக்கு மாதக்கணக்காக வழி பார்த்திருந்தோம். இப்போது ஒரு செக்கனில் பதில் போடலாம், போடுகிறானில்லை. பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிட்டதா? நானும் இவர்களைப் போல எழுதப் பழக வேண்டுமா?

— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்:

ரீச்சர்,

முதலில் அந்த மண்டையோட்டைப் பார்த்துவிடுவோம். அதில் கெட்ட சகுனம் எதுவும் இல்லை. ‘சிரிச்சுச் செத்துப்போனன்’ என்பதுதான் அவன் சொன்னது. கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மம்மாவுக்கு 22 வயதுப் பெடியன் ஒருவன் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டு அது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2015இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் அந்த முகத்தைத்தான் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தார்கள். அகராதிக்காரரும் அம்மாமாரும் கையில் எடுத்த பிறகு பெடியளுக்கு அதில் ருசி போய்விட்டது, வேறொன்றுமில்லை. அம்மம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவரும் சிரிக்கட்டும்.

இனி அந்த ‘சரி.’

நீங்கள் ஆசிரியை. வசனம் முடிந்தால் புள்ளி வைப்பீர்கள், வைக்காமல் விட உங்கள் கை சம்மதிக்காது. மகன் எழுதப் பழகிய இடத்தில் வசனம் முடிந்தது என்று காட்டப் புள்ளி தேவையில்லை, அனுப்பும் பொத்தானை அழுத்தினாலே முடிந்துவிட்டது. அதற்கு மேலும் ஒரு புள்ளி இருந்தால், யாரோ வேண்டுமென்று வைத்தது என்றுதான் அந்த வயதுக்காரர் எடுப்பார்கள். ‘இதோட கதை முடிஞ்சுது’ என்று அது அவர்களுக்குக் கேட்கும். உங்கள் மகன் மட்டும் இப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒற்றைச் சொல் பதில்களைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் அவர்களுக்குக் காட்டினார்கள். போனில் வந்த மெசேஜாகக் காட்டியபோது, புள்ளி வைத்த பதிலை மனதார வராத பதில் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டில் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. அது ஆங்கிலத்தில் செய்த ஆய்வுதான். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் போனை நீட்டி ‘அம்மா போட்டதைப் பாருங்கோ’ என்று காட்டும்போது, அநேகமாக அங்கேயும் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும்தான் நிற்கும்.

தேருக்கு வரவில்லை என்று எழுதும்போதே அவனுக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கும். நீங்கள் ‘பிள்ளைக்கு அங்கே என்ன கரைச்சலோ’ என்று நினைத்து, கேட்க வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டுச் ‘சரி.’ என்று போட்டிருப்பீர்கள். அவன் அதைக் கோபம் என்று எடுத்து, ஆறட்டும் என்று ஒதுங்கியிருக்கிறான். ஐந்து நாளும் ஆளுக்காள் மற்றவருடைய கோபம் தணியக் காத்திருந்திருக்கிறீர்கள், கோபப்பட்டவர் ஒருவருமில்லை. இப்படியான செய்தியை அவன் எழுதியிருக்கவே கூடாது, கோல் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அது அவன் பக்கத்துப் பிழை. வரவில்லை, சோதனையில் விழுந்துவிட்டேன், காசு முடிந்துவிட்டது, சுகமில்லை என்பதெல்லாம் குரலில் வர வேண்டியவை. அதை அவனிடம் நீங்கள் உரிமையோடு கேட்கலாம்.

புள்ளி சின்ன விஷயம். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாங்கள் கதைப்பது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். ‘சாப்பிட்டியோ?’ என்று கேட்கிற அதே ஆள் பேனையைப் பிடித்தவுடன் ‘சாப்பிட்டாயா?’ என்று எழுதுவார். கடிதத்துக்கும் கட்டுரைக்கும் அதுதான் சரி, அதைத்தானே இவ்வளவு காலமும் படிப்பித்தீர்கள். ஆனால் உங்கள் மகன் வட்ஸ்அப்பை எழுத்தாக நினைப்பதில்லை. அவனுக்கு அது கையால் கதைப்பது. எனக்கு எழுதிய நடையைப் பார்த்தால், அவனுக்கும் நீங்கள் முழு எழுத்துத் தமிழில்தான் எழுதுவீர்கள் என்று ஊகிக்கிறேன். பிறந்த நாள் முதல் ‘என்ன ராசா, சாப்பிட்டியோ’ என்று கேட்டு வளர்த்த அம்மா ஒருத்தி. போனில் அதிபரின் அறிவித்தல் மாதிரி வந்து சேருகிற அம்மா இன்னொருத்தி. அவன் ‘ஓம்’ என்று பதில் போடுவது இந்த இரண்டாவது அம்மாவுக்கு. வகுப்பில் ரீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் எத்தனை சொல்லில் பதில் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே பழக வேண்டியது அவனுடைய நடையை அல்ல. நீங்கள் வாயால் கதைக்கிறபடியே எழுதிப் பாருங்கள். ‘என்ன செய்யிறாய் ராசா’ என்பதை அப்படியே அடியுங்கள். இலக்கணப் பிழை என்று கை கூசும். கூசட்டும். எழுத வராவிட்டால் வொயிஸ் கட் போடுங்கள், ஆனால் அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். விடுதி அறையில் நாலு பெடியளுக்கு நடுவில் இருந்துகொண்டு அம்மாவின் நாலு நிமிட வொயிஸ் கட்டை அவன் எப்படிக் கேட்பான்? வட்ஸ்அப்பில் 2021இலிருந்து ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்திலும் கேட்க முடியும். உங்களை அவன் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறான் என்று தெரியவந்தால் மனம் நோகாதீர்கள்.

‘அன்புள்ள தம்பிக்கு’ என்பதை அடியோடு விடச் சொல்லவில்லை. தினமும் வேண்டாம், அவ்வளவுதான். அவன் பிறந்தநாளுக்கும் பெரிய சோதனைக்கு முதல் நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாலு வரி போதாது, நாற்பது வரி எழுதுங்கள், புள்ளி, காற்புள்ளி எல்லாம் வைத்து. அதற்கும் அவன் ‘ஓம் அம்மா’ என்றுதான் போடக்கூடும். ஆனால் அப்படி வந்த கடிதத்தை அழிக்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அது மரியாதைக் குறைவால் வந்ததில்லை, காசால் வந்தது. பழைய குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போகும். தமிழ் என்றால் 70 இடம்தான். அதிலும் ‘கொக்குவில்’ எங்கள் கண்ணுக்கு ஐந்தெழுத்து, போனின் கணக்கில் பத்து. இரண்டு வசனம் எழுதுவதற்குள் இரண்டாவது செய்திக்கும் ரீலோட் காசு போய்விடும். அனுப்பினாலும் பல போன்களில் வெறும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அப்போதைய அண்ணாமாரும் அக்காமாரும் அப்படித் தொடங்கிய பழக்கம், காசுப் பிரச்சினை போன பிறகும் போகவில்லை. இப்போது தமிழில் பேசினாலே எழுதித் தரும் விசைப்பலகை போனிலேயே இருக்கிறது, வேண்டுமானால் அதை மகனிடம் காட்டித்தரச் சொல்லுங்கள். அவனுடைய மெசேஜுக்குச் சிவப்புப் பேனை மட்டும் பிடிக்காதீர்கள். பிழை திருத்தி அனுப்பினால் அடுத்த முறை ‘ஓம்’மும் வராது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. சுவிசுக்குப் போன அண்ணாவைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். 1990இல், போரால், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. மின்சாரம் போனது, தொலைபேசி போனது. கடிதம் என்றால் கிளாலிக் கடலால் போகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம். அது மூடாமலே போகும், குடும்பச் செய்திக்கு மேல் எதுவும் எழுத முடியாது. அதற்கு முந்திய காலத்தில் தந்தி. தந்திக்காரர் படலையில் நின்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முதலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பிறகு கொமியூனிக்கேசன் கடை வாசலில் காத்திருந்து, நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓட, ‘சுகமோ, நாங்களும் சுகம்’ என்று கத்திச் சொல்லி வைத்துவிட்டு வந்த காலம். பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி, 2009இல் திறந்தது. இவ்வளவையும் இங்கே இருந்து கடந்த ஒருவருக்குப் பதில் வரவில்லை என்றால் பொருள் ஒன்றுதான்: ஏதோ நடந்துவிட்டது. அறிவு ‘அவன் லெக்சரில் இருப்பான்’ என்று சொன்னாலும் நெஞ்சு கேட்பதில்லை.

உங்கள் மகனோ பாதை கடைசியாகத் திறந்த காலத்தில்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பான். பதில் வரவில்லை என்றால் போனில் சார்ஜ் இல்லை, டேட்டா முடிந்தது, நித்திரை என்பதற்கு மேல் அவனுக்கு வேறு பொருள் தெரியாது. தெரியாமல் வளர்ந்தது நல்லது. ஆனால் ஏன் அம்மா ஒரு மணித்தியாலத்தில் மூன்று முறை ‘எங்கே’ என்று கேட்கிறார் என்பது அவனுக்கு விளங்க வேண்டுமென்றால், அண்ணாவின் கடிதத்துக்கு வழி பார்த்திருந்த கதையை நீங்கள் சொல்ல வேண்டும். ‘நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியும்’ என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் பிள்ளைகள் காதை மூடிவிடுவார்கள். அடுத்த முறை அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கடிதம் வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

நீலக் குறியை வட்ஸ்அப் 2014 நவம்பரில்தான் கொண்டுவந்தது. அந்த உரையாடல் திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பார்த்தானா, பார்த்துவிட்டுப் பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று வைத்து மறந்தானா என்று அது சொல்லாது. இரண்டாவது விஷயம் இளையவர்களிடம் மிகச் சாதாரணம். என் ஆலோசனை, உங்கள் போனில் தனியுரிமை என்ற பகுதிக்குள் போய் அந்தக் குறியை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் அவன் வாசித்ததும் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வாசித்ததும் அவனுக்குத் தெரியாது. குடும்பக் குழுவிலும், வொயிஸ் கட்டைக் கேட்டாயிற்றா என்பதிலும் மட்டும் அது தொடர்ந்து காட்டும். அதற்குப் பதிலாக மகனோடு ஒரே ஒரு ஒப்பந்தம் செய்யுங்கள்: படுக்க முதல் நாளுக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்று வர வேண்டும். ‘ஓம்’ போதும், ‘ம்’ போதும், மண்டையோடும் போதும். இதற்கு மேல் எதையும் நிபந்தனையாக வைக்காதீர்கள்.

சரி, ‘ஓம்’ ஏன் இவ்வளவு வருகிறது? உங்கள் போனை எடுத்து, மகனுக்குக் கடைசியாக அனுப்பிய இருபது மெசேஜை மேலே தள்ளிப் பாருங்கள். சாப்பிட்டாயா, குளித்தாயா, படிக்கிறாயா, காசு இருக்கிறதா, அங்கே மழையா. எத்தனை கேள்வி என்று எண்ணுங்கள். ஓம் என்று சொல்லி முடிக்கக்கூடிய கேள்விக்கு ஓம் என்றுதான் பதில் வரும், அதில் தலைமுறைப் பிரச்சினை எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே சாட்சி இருக்கிறது. அவன் உடனே பதில் போட்ட ஒரே மெசேஜ் அம்மம்மாவின் படம். அதில் கேள்வி இல்லை. ஒரு கிழமைக்குக் கேள்வியே கேட்காமல் புதினம் மட்டும் அனுப்பிப் பாருங்கள். முற்றத்துக் கறுத்தக்கொழும்பானில் அணில் கடித்த மாங்காய், தங்கச்சி வைத்த குழம்பு அடிப்பிடித்தது, பக்கத்து வீட்டு நாய் உங்கள் வீட்டுக் கோடிக்குள் வந்து குட்டி போட்டது. அல்லது அவனுக்குத் தெரிந்த ஒன்றில் உதவி கேளுங்கள். பொறியியல் படிக்கிறவனிடம் ‘தண்ணீர் மோட்டர் சத்தம் போடுது, என்னவாயிருக்கும்’ என்று கேட்டால், அதற்கு ‘ம்’ போட்டுத் தப்ப முடியாது.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை சுருக்கமாக எழுதுவது கவலைக்குரியதல்ல, பிள்ளை மாறுவதுதான் கவலைக்குரியது. அவனை உங்கள் நடையோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்து அவனோடு ஒப்பிடுங்கள். ‘ஓம்’ போடுகிறவன் அதையும் நிறுத்துவது, கோலையும் தவிர்ப்பது, நித்திரையும் சாப்பாடும் குழம்புவது, கூட்டாளிகளோடும் பழகாமல் விடுவது, தான் யாருக்கும் தேவையில்லை என்ற மாதிரிக் கதைப்பது. இவற்றில் எதையாவது கண்டால் மெசேஜ் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கோல் எடுங்கள். எடுக்காவிட்டால் இரவு பஸ்ஸில் ஏறுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு நீங்களும் எடுத்து ஆலோசனை கேட்கலாம். அவன் இங்கே வந்து நிற்கிற நேரமானால் யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் எழுதியவற்றில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தேருக்கு ஏன் வரவில்லை என்று ஒரு தடவை வாயால், ஆறுதலாகக் கேட்டுவிடுங்கள். காரணத்தை நீங்கள் எனக்கு எழுதவில்லை, அவன் உங்களுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம், கட்டைவிரல் படம் போடுகிற பழக்கம் உங்களிடம் இருந்தால் மகனோடு குறைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ‘நல்லது’. அவர்களில் பலருக்கு அது ‘சரி சரி, போ’. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2023இல் ஒரு நீதிமன்றம், வட்ஸ்அப் அல்ல, சாதாரணக் குறுஞ்செய்தியில் கமக்காரர் ஒருவர் போட்ட கட்டைவிரலை ஒப்பந்தத்துக்குச் சம்மதமாகவே எடுத்து, 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஒரே விரலைச் சட்டம் ஒரு மாதிரியும் உங்கள் மகன் ஒரு மாதிரியும் வாசிக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் கணவர். ‘நான் கேட்டதாகப் போடும்’ என்று அவர் சொல்லச் சொல்ல, இரண்டு பேருடைய கவலையையும் நீங்கள் ஒரு போனால் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மகனுக்கு அவ்வளவும் அம்மாவின் கரைச்சலாகத்தான் போய்ச் சேர்கிறது. அப்பா நினைக்கிறார் என்பதே அவனுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். இனி அப்படிச் சொன்னால் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதத் தேவையில்லை, வொயிஸ் கட் போதும். ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கதைக்க வேண்டும், விரலை எடுத்தவுடன் போய்விடும் என்று தங்கச்சி காட்டிக்கொடுப்பாள். முதல் தடவை ‘இது வேலை செய்யுதோ, எங்க அமத்திறது’ என்பது மட்டும்தான் போகும். அதை அழிக்க விடாதீர்கள்.